சிங்கப்பூரில் 'இந்தியர்' யார்? இனக் கட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். முதலில் படிவத்தில் 'இனம்' என்ற கட்டம். அடுத்து சம்பளச் சீட்டில் ஒரு சின்னப் பிடித்தம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழி. பிஆர் (நிரந்தரவாச உரிமை) கிடைத்து வீடு தேடும்போது 'கோட்டா'. தேர்தல் வந்தால் குழுத்தொகுதி. உறவினர், அலுவலகத் தோழர், அடுத்த வீட்டுக்காரர் என்று பலருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் இனம் ஒரே வரிதான். ஆனால் நிதி, பள்ளி, வீடு, தேர்தல் என்று ஒவ்வொரு இடமும் அந்த வரியைத் தன் தேவைக்கேற்ப வேறு மாதிரி வாசிக்கிறது. குழப்பத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

சிங்கப்பூர்ல மொத்தம் நாலே நாலு இனம்தானா?

அரசாங்கக் கணக்கில் நான்கு: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, மற்றவர் 3.2. பத்தாண்டுக்கு முன்பும் ஏறக்குறைய இதே அளவுதான். குடியேற்றத்தை அனுமதிக்கும்போது இந்த விகிதம் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வதாக அரசாங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பல கூட்டங்கள் உண்டு. 'சீனர்' என்பதில் ஹொக்கியன், தியோச்சியூ, கண்டனீஸ், ஹக்கா, ஹைனானியர் எல்லாரும் அடக்கம். இவர்கள் தாத்தா காலத்தில் ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியாது. 'மலாய்க்காரர்' என்பதில் ஜாவா, பவியான், புகிஸ் வழியினரும் வருவார்கள். யூரேசியர், அரபு வழியினர், வெள்ளையர், ஜப்பானியர் எல்லாரும் 'மற்றவர்'. ஆங்கிலேயர் ஆட்சியின் கணக்கெடுப்பில் தொடங்கிய பழக்கத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகும் சீர்செய்து வைத்துக்கொண்டார்கள்.

நான் யாழ்ப்பாணம். என்னைப் போய் எப்படி இந்தியர்னு போடலாம்?

கேட்கிறவர்களின் எரிச்சல் நியாயமானது. ஆனால் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 'இந்தியர்' என்பது குடியுரிமையைக் குறிப்பதில்லை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை வழிவந்தவர்கள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரும் சிங்களவரும் லாகூர்ப் பஞ்சாபியும் டாக்கா வங்காளியும் ஒரே கட்டம்.

இந்த நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான எஸ். ராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். முதல் வெளியுறவு அமைச்சர். 'இனம், மொழி, மதம் பாராமல்' என்று பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் தேசியப் பற்றுறுதியின் முதல் வரைவை 1966இல் எழுதியவரும் அவர்தான். அவரும் கணக்கில் 'இந்தியர்'.

தேக்கால ஞாயித்துக்கிழமை பாத்தா தள்ள இடமில்ல. வெறும் 9 விழுக்காடுன்னா நம்பற மாதிரியா இருக்கு?

அந்த 9 விழுக்காடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. 2020இல் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 56.9 லட்சம். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 40.4 லட்சம். மீதிப் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை அனுமதியிலோ மாணவராகவோ குடும்பத்துடனோ வந்தவர்கள். இன விகிதத்தில் அவர்கள் சேர்வதில்லை.

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பகுதியில், ஞாயிறு மாலை நீங்கள் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் தொழிலாளிகள். சிங்கப்பூரின் 'பல இன' அட்டவணையில் அவர்களுக்கு வரிசையே கிடையாது. நாட்டைக் கட்டுகிறவர்களை விட்டுவிட்டுத்தான் நாட்டின் இன விகிதம் கணக்கிடப்படுகிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தல்தான்.

இந்தியர்னா இங்க தமிழர்தானே? தமிழ்லதான அறிவிப்பெல்லாம் பண்றாங்க?

உள்ளூர் இந்தியரில் பாதிக்குச் சற்று மேல் தமிழர். மற்றவர்கள் மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, சிந்தி, தெலுங்கர், வங்காளி என்று நீள்கிறது. மதத்தைப் பார்த்தாலும் ஒரே நிறமில்லை. இந்தியரில் பாதிக்கு மேல் இந்துக்கள், கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் முஸ்லிம். கிறிஸ்தவரும் சீக்கியரும் கணிசம். சவுத் பிரிட்ஜ் சாலையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இரண்டும் 1820களில் தொடங்கியவை.

மலாக்கா செட்டிகளையும் சொல்லவேண்டும். பல நூற்றாண்டுக்கு முன் தமிழகத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து அங்கேயே மணமுடித்துத் தங்கிய வணிகர்களின் வழித்தோன்றல்கள். வழிபாடு இந்து முறை; வீட்டில் பேச்சு மலாய். நான்கு கட்டங்களில் எதில் வைத்தாலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டம்.

இவ்ளோ கம்மியா இருந்துகிட்டு தமிழ் எப்படி ஆட்சிமொழி ஆச்சு?

மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு சொல்கிறது. தேசிய மொழி மலாய். தேசிய கீதமும் மலாயில்தான். தமிழ் அந்தப் பட்டியலுக்குத் தானாக வந்துவிடவில்லை. 1935இல் 'தமிழ் முரசு' நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். தமிழர் திருநாளை ஊர்கூடிக் கொண்டாடவைத்தார்கள். இந்தியரில் தமிழர் பெரும்பான்மை என்பதும், தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழ்ப் பள்ளிகள் நடந்துவந்ததும் கைகொடுத்தன.

சட்டத்தில் இருக்கும் பலம் வீட்டில் இல்லை. வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் என்றவர்கள் 2020இல் 2.5 விழுக்காடு மட்டுமே. டாலர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருப்பதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்களிடம் இந்த எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்வேன்.

சாதி எங்கயாவது எழுதணுமா?

எங்கேயும் இல்லை. கேட்கும் படிவத்தை நான் பார்த்ததில்லை.

சம்பளத்துல 'சிண்டா'ன்னு பிடிக்கிறாங்க. நான் குடிமகனும் இல்ல, பிஆரும் இல்ல. எனக்கு எதுக்கு?

சிண்டா என்பது 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். படிப்பில் பின்தங்கிய இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு, வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவி ஆகியவை அதன் முக்கிய வேலைகள். மலாய் முஸ்லிம்களுக்கு 1982இலிருந்து மெண்டாக்கி, சீனருக்கு 1992இலிருந்து சிடிஏசி, யூரேசியருக்கு அவர்கள் சங்கம். சிண்டா நிதிக்குக் குடிமக்கள், நிரந்தரவாசிகளோடு எம்ப்ளாய்மெண்ட் பாஸில் உள்ள இந்திய வம்சாவளியினரிடமும் பிடிப்பார்கள். சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 30 வெள்ளி வரை. வேண்டாம் என்றால் படிவம் கொடுத்து விலகலாம்.

இங்கேயும் 'இந்தியர்' என்றால் துணைக்கண்டம் முழுக்கத்தான். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும். தமிழ் முஸ்லிம் என்றால் இரண்டு பிடித்தம் வரலாம்: இனத்துக்காகச் சிண்டா, மதத்துக்காகப் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதி. தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று பதறவேண்டாம். ஒரு நிதி இனத்தைப் பார்க்கிறது, இன்னொன்று மதத்தைப் பார்க்கிறது.

தனித்தனி இனச் சங்கம் வைத்து உதவுவதைவிட ஏழைப் பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக வைத்து உதவக்கூடாதா என்ற விவாதம் பழையது. சீனர் அமைப்புக்குப் பணம் தருகிறவர்கள் அதிகம் என்பதால் அங்கே சேரும் தொகையும் அதிகம். அந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

வீட்ல தெலுங்குதான் பேசறோம். பையன் ஸ்கூல்ல தமிழ்தான் எடுக்கணுமா?

கட்டாயமில்லை. இங்கே பள்ளியில் 'தாய்மொழி' என்பது வீட்டில் பேசுவதை வைத்து முடிவாவதில்லை. இனத்தை வைத்துத் தொடங்குகிறார்கள். சீனருக்குச் சீனம், மலாய்க்காரருக்கு மலாய், தமிழருக்குத் தமிழ். தமிழரல்லாத இந்தியப் பிள்ளைகள் தமிழ் எடுக்கலாம். அல்லது இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தில் ஒன்றை எடுக்கலாம். தெலுங்கும் மலையாளமும் அந்த ஐந்தில் இல்லை. அதனால் தெலுங்குக் குடும்பங்கள் தமிழ் மொழியா, இந்தி மொழியா என்று யோசித்து முடிவெடுக்கிறார்கள்.

தமிழ் எடுத்தால் பெரும்பாலும் பள்ளி நேரத்திலேயே வகுப்பு நடந்துவிடும். மற்ற ஐந்துக்குப் பல பள்ளிகளில் ஆசிரியர் இருக்கமாட்டார். சமூக அமைப்புகள் நடத்தும் நிலையங்களுக்கு வார இறுதியில் அழைத்துப்போகவேண்டி வரும். மொழிப்பற்றைவிட சனிக்கிழமைப் பயணம்தான் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

வீடு புடிச்சிருந்துச்சு, விலையும் பேசியாச்சு. இப்ப ஏஜென்ட் 'இண்டியன் கோட்டா ஃபுல்'ங்கிறார். ஏமாத்தறாரா?

அநேகமாக இல்லை. சிங்கப்பூரில் ஐந்தில் நான்கு பேருக்குக் கிட்டத்தட்ட வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுதான். 1989 மார்ச்சிலிருந்து அங்கே இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரு பேட்டையிலும் ஒரு புளோக்கிலும் (தனி அடுக்குமாடிக் கட்டடம்) எந்த இனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. சீனருக்குப் பேட்டையில் 84, புளோக்கில் 87 விழுக்காடு. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியருக்கும் மற்றவருக்கும் சேர்த்து 12, 15. 2010 வரை இது 10, 13ஆக இருந்தது.

நூறு வீடுள்ள புளோக்கில் இந்தியரும் 'மற்றவரும்' சேர்ந்து பதினைந்து வீடு வைத்திருந்தால், சீனரோ மலாய்க்காரரோ தம் வீட்டை உங்களுக்கு விற்கமுடியாது. ஆனால் அந்தப் பதினைந்தில் ஒருவர் உங்களுக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாதே. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பம் என்றால் இன்னொரு வரம்பும் இருக்கிறது: பேட்டையில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. இந்தியாவிலிருந்து வந்த பிஆர் குடும்பம் இரண்டு கதவையும் தாண்டவேண்டும். புளோக் எண்ணைப் போட்டால் நிலவரம் வீவக இணையத்தளத்தில் தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள். விலை பேசுவதற்கு முன் பாருங்கள், பேசிய பிறகு அல்ல. தனியார் கொண்டோமினியத்துக்கு இந்த வரம்பு கிடையாது.

அப்போ இந்தக் கோட்டா வாங்கறவனுக்குத்தான் தொல்லை, விக்கறவனுக்கு ஒண்ணுமில்லையே?

நேர்மாறு. பெரிய அடி விற்கும் சிறுபான்மையினருக்குத்தான். உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்கமுடியாது. நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர் என்று மேலே பார்த்தோம். அத்தனை பேரும் உங்கள் வீட்டுக்கு வாங்குபவர்களாக இல்லாமல் போய்விடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனர் அதே அளவு வீட்டை இன்னொரு சீனருக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுவார். நீங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு மலாய்க்காரரோ இந்தியரோ வரும்வரை காத்திருப்பீர்கள்.

இந்தக் குறையை அரசாங்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022இலிருந்து, குறைந்தது பத்தாண்டு வீட்டை வைத்திருந்து, உண்மையாக முயன்றும் விற்கமுடியாதவர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. இருந்தாலும், எல்லாரும் சேர்ந்து வாழ்வதன் செலவை ஏன் சிறுபான்மை வீட்டுக்காரர் மட்டும் கட்டவேண்டும் என்பது சரியான கேள்விதான்.

இவ்ளோ கட்டுப்பாடு எதுக்கு? அவங்கவங்க இஷ்டப்பட்ட இடத்துல இருந்துட்டுப் போகட்டுமே?

விட்டால் எப்படிப் போகும் என்பதை 1980களின் கடைசியில் பார்த்துவிட்டுத்தான் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர் குவிந்தார்கள், ஹவ்காங்கில் சீனர். அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், தமிழர்தான், கொள்கையை அறிவித்தவர்.

அதற்கும் பின்னால் 1964 இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்து 13 உயிர் போனது. மறு ஆண்டே மலேசியாவிலிருந்து பிரிவு. ஜூலை 21ஐ இப்போது பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் சேலை, பாஜு குரோங், சியோங்சாம் என்று மாற்றி உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நாள். எதற்காக அந்தத் தேதி என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பிள்ளைகள் விழிக்கும்.

வாடகைக்கு எடுக்கவும் இன கோட்டா உண்டா? 'நோ இண்டியன்ஸ்'னு விளம்பரமே பாத்தேன்.

வாடகைக்கு இன வரம்பு இல்லை. முழு வீட்டை வாடகைக்கு எடுக்க மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு ஒரு வரம்பு உண்டு (பேட்டையில் 8, புளோக்கில் 11 விழுக்காடு). அது குடியுரிமையைப் பார்க்கிறது.

அந்த விளம்பரம் வேறு சங்கதி. சொத்து முகவர்கள் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று அவர்களுக்கு விதிமுறை இருக்கிறது. அதனால் இப்போது எழுத்தில் குறைந்து தொலைபேசிக்குப் போய்விட்டது: "சமையல் எண்ணெய் வாசம் வருமா?" என்று கேட்பார்கள். வேலையிடத்தில் இனம் பார்த்து ஒதுக்குவதற்கு எதிராக 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. அதுவும் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களை இப்போதைக்கு விட்டுவிட்டது. வீட்டு உரிமையாளர் மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கோட்டாவுக்கு அந்தச் சட்டம் எட்டாது.

நான் தமிழ், மனைவி சீனர். குழந்தைக்கு என்ன இனம் போடறது?

2011 ஜனவரியிலிருந்து இரட்டை இனம் போடலாம். இந்தியர், சீனர், இந்தியர்-சீனர், சீனர்-இந்தியர் நான்கில் எதையும் நீங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முன்னால் வருவது எது என்பதில் கவனமாக இருங்கள். வீட்டு வரம்பு போன்ற இடங்களில் இடைக்கோட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் எண்ணுவார்கள். பிள்ளை வளர்ந்து வீடு வாங்கும்போது மேலே சொன்ன வரம்புகளில் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்பதை நீங்கள் இன்றைக்கே எழுதிவிடுகிறீர்கள்.

நம்ம ஊர் மாதிரி காலேஜ், கவர்மெண்ட் வேலையில இடஒதுக்கீடு உண்டா?

கிடையாது. மலாய்க்காரர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள், அவர்களின் நலனை அரசாங்கம் பேணவேண்டும் என்று அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்காகக் கல்லூரியிலோ வேலையிலோ இடம் ஒதுக்குவதில்லை. ஒருகாலத்தில் மலாய் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை. இப்போது குடும்ப வருமானம் பார்த்து மெண்டாக்கி வழியாக உதவுகிறார்கள்.

ஒதுக்கீடு இருக்கும் ஒரே பெரிய இடம் அரசியல். அடுத்த இரண்டு கேள்விகள் அதைப் பற்றியவை.

தேர்தல்ல நாலு பேர், அஞ்சு பேர் சேந்து நிக்கறாங்களே, அதுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதுதான் குழுத்தொகுதி, 1988இல் வந்தது. குழுவில் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்கவேண்டும். சில தொகுதிகளில் அவர் மலாய்க்காரர், மற்றவற்றில் இந்தியர் அல்லது வேறு சிறுபான்மையினர். வேட்பாளர் அந்த இனத்தவர்தான் என்று ஒரு குழு சான்று தரவேண்டும். எல்லாரும் சீனருக்கே வாக்களித்து நாடாளுமன்றம் ஒரே இனமாகிவிடக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

அனுபவமில்லாத புதுமுகம் பெரிய அமைச்சரின் நிழலில் உள்ளே வந்துவிடுகிறார், எதிர்க்கட்சிகளுக்கு அத்தனை பேரைத் திரட்டுவது கஷ்டம் என்பது விமர்சகர்களின் வாதம். தனித்தொகுதியில் சிறுபான்மையினர் வெல்லவே முடியாது என்பதும் உண்மையில்லை. 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் வென்றார், 2016இல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் முரளி பிள்ளை ஒரு சீன வேட்பாளரை 61 விழுக்காடு வாக்குகளுடன் தோற்கடித்தார்.

2017ல அதிபர் தேர்தல மலாய்க்காரருக்குன்னு ஒதுக்கினாங்க. ஆனா ஹலிமாவோட அப்பா இந்திய முஸ்லிம்தானே?

ஆமாம். தந்தை இந்திய முஸ்லிம், தாய் மலாய். 2016 சட்டத் திருத்தப்படி, தொடர்ந்து ஐந்து தவணை ஓர் இனத்தவர் அதிபராகவில்லை என்றால் அடுத்த தேர்தல் அந்த இனத்துக்கு ஒதுக்கப்படும். எண்ணிக்கையை முன்னாள் அதிபர் வீ கிம் வீயிலிருந்து தொடங்கினார்கள். அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படும் அதிபருக்கான அதிகாரங்களைப் பதவியில் இருந்தபோதே பெற்றவர். அதனால் அப்போதே முணுமுணுப்பு இருந்தது. வேறு யாரும் தகுதிபெறாததால் ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். நாட்டின் முதல் பெண் அதிபர்.

'அவர் மலாய்க்காரரா' என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. ரத்தம் என்ன என்று அது தோண்டுவதில்லை. ஒருவர் தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதவேண்டும். அந்தச் சமூகமும் பொதுவாக அவரை ஏற்கவேண்டும். வீடு வாங்கும்போது அட்டையில் அச்சிட்ட சொல்; வேட்பாளராக நிற்கும்போது ஊர் ஏற்றுக்கொள்வது. ஒரே நாட்டில் ஒரே 'இன'த்துக்கு இரண்டு அளவுகோல்.

ஐசியிலேருந்து இனத்தையே எடுத்துட்டா இந்தத் தலைவலியெல்லாம் போயிடும்ல?

அடையாள அட்டையிலிருந்து எடுப்பது சுலபம். பிறகு வீவக வரம்பு எதை வைத்து எண்ணும், சிண்டா யாரிடம் பிடிக்கும், பள்ளி எந்தத் தாய்மொழியை எழுதும்? அவை எல்லாவற்றையும் மாற்றாமல் வரியை மட்டும் எடுத்தால் கட்டம் அலுவலகக் கணினிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். என் கருத்தைக் கேட்டால், நிதியையும் பள்ளி மொழியையும் இனத்திலிருந்து பிரிப்பது இன்றைக்கே முடிகிற காரியம். வீட்டு வரம்பை எடுப்பதற்குத்தான் தயங்குவேன். 'நோ இண்டியன்ஸ்' சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கும் ஊரில் அதை எடுத்தால் எந்தெந்தப் பேட்டை எப்படி மாறும் என்று ஊகிக்க அதிக நேரம் தேவையில்லை.

ஒரு தமிழர் பிரதமர் ஆக முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை. 2019இல் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட்டிடம் மாணவர்கள் முன்னிலையில் இதே கேள்வி வந்தது. மூத்த தலைமுறை சீனரல்லாத பிரதமருக்கு இன்னும் தயாரில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ஊரெல்லாம் அதைப் பேசியது. பலர் மனத்தில் அப்போது இருந்த பெயர், தமிழரான அமைச்சர் தர்மன் சண்முகரத்தினம்.

2023இல் தர்மன் அதிபர் தேர்தலில் நின்றார். அது எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாத தேர்தல். எதிர்த்து நின்ற இருவரும் சீனர். தர்மனுக்கு 70.4 விழுக்காடு வாக்கு. 'மக்கள் தயாரில்லை' என்ற வாதம் அன்றோடு முடிந்தது என்கிறார்கள் ஒருசாரார். அதிபர் பெரும்பாலும் சடங்கு சார்ந்த பதவி, அதை வைத்துப் பிரதமர் பதவியைக் கணிக்கமுடியாது என்கிறார்கள் மற்றவர்கள். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமர் யார் என்பதை ஆளுங்கட்சி முடிவு செய்கிறது. 2024 மே மாதம் கட்சி லாரன்ஸ் வோங்கைப் பிரதமராக்கியது. அடுத்த முறை இந்தக் கேள்வியை வாக்காளரைப் பார்த்துக் கேட்காமல் கட்சியைப் பார்த்துக் கேட்கவேண்டும்.